துளி ஏன் சொன்னபடி காயவில்லை? மின்புல ஆவியாதல் சோதனையில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

இரண்டு உலோகத் தகடுகள், நடுவே 10 மி.மீ. இடைவெளி, கீழ்த்தகட்டின் மேல் ஒரு கண்ணாடிச் சில்லு, அதன்மேல் 5 மைக்ரோலிட்டர் நீர்த்துளி. தகடுகளுக்கிடையே 5 கிலோவோல்ட். பக்கவாட்டில் ஒரு கேமரா. நீர் பரவும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் துளி காயும் நேரத்தை மின்புலம் எப்படி மாற்றுகிறது என்று பார்க்க இவ்வளவு போதும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ உள்ள கல்லூரி ஆய்வகத்தில் முதுநிலை மாணவர் ஒருவர் பெரிய செலவில்லாமல் அமைத்துவிடலாம். அமைப்பது எளிது, கிடைக்கும் எண்களை நம்புவதுதான் கடினம். ‘மின்புலத்தால்’ என்று ஆய்வேட்டில் எழுதப்படும் மாற்றங்களில் பாதிக்கு மேல் காற்றாலும் ஈரத்தாலும் உப்பாலும் வருபவை என்பது என் கருத்து. எந்த அறிகுறி எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறியவே இந்த வழிமுறை.

தொடங்குமுன் பாதுகாப்பு. மின்மூலத்துக்கும் மேல்தகட்டுக்கும் இடையே 10 மெகாஓம் தடை தொடராக இருக்க வேண்டும். 5 கிலோவோல்ட்டில் தகடுகள் தொட்டுக்கொண்டாலும் அப்போது ஓட்டம் 0.5 மில்லிஆம்பியரைத் தாண்டாது. ஒரே தடையைப் போடாமல் 1 மெகாஓம் தடைகள் பத்தைத் தொடராகப் போடுங்கள், மின்னழுத்தம் பகிர்ந்துகொள்ளப்படும். அணைத்த பிறகும் தகட்டில் மின்னூட்டம் தங்கியிருக்கும். காப்புப் பிடியுள்ள கம்பியால் நில இணைப்பைத் தொடவைத்த பிறகே துளியை மாற்றக் கை நீட்டுங்கள். கொசு மட்டையின் சுற்று, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மின்மாற்றி என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்களும் வேண்டும். 25 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஒப்பு ஈரப்பதம், அசையாத திறந்த காற்று, மின்புலம் இல்லை. தொடுகோணம் (துளியின் ஓரம் பரப்பைத் தொடும் இடத்தில் நீருக்குள் அமையும் கோணம்) 30 டிகிரியாக உள்ள சுத்தமான கண்ணாடியில், விளிம்பு ஒட்டியபடியே நிற்கும் 5 மைக்ரோலிட்டர் துளி விரவல் கணக்கின்படி, அதாவது நீராவி அசையாத காற்றில் தானாகப் பரவுவதாகக் கொண்டால், சுமார் 30 நிமிடத்தில் காயும். தொடுகோணம் 110 டிகிரியாக உள்ள, நீரை விலக்கும் டெஃப்லானில், விளிம்பு தடையின்றி உள்வாங்கும் அதே துளிக்குச் சுமார் 51 நிமிடம். ஆவியாகும்போது துளி சற்றுக் குளிர்வதை இக்கணக்கு விட்டுவிடுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். இந்த இரண்டு எண்களையும் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அறிகுறி: மின்புலமே இல்லை, ஆனாலும் இரண்டு துளிகள் ஒரே நேரத்தில் காயவில்லை

இது தீராமல் மின்மூலத்தின் பொத்தானைத் தொடக்கூடாது.

முதல் சந்தேகம் ஈரப்பதத்தின் மேல். ஆவியாகும் வேகம், காற்று நிறைவுநிலைக்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். கோடைப் பிற்பகலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறை 70. மழை ஓய்ந்த காலையில் 80 சதவீதம் என்றால் குறை 20. அதே துளி, அதே கண்ணாடி, வேகத்தில் மூன்றரை மடங்கு வேறுபாடு. காலையில் மின்புலமில்லாமலும் பிற்பகலில் மின்புலத்தோடும் அளந்து வரைபடம் போட்டவர், மின்புலத்தின் விளைவை அல்ல, கிருஷ்ணகிரியின் வானிலையை வரைந்திருக்கிறார்.

தீர்வு எளிது. சோதனை முழுவதையும் அக்ரிலிக் பெட்டிக்குள் வையுங்கள். உள்ளே ஒரு கிண்ணத்தில், அடியில் உப்பு கரையாமல் தங்கும் அளவுக்கு நிறைவுற்ற சமையலுப்புக் கரைசல் இருக்கட்டும். 25 டிகிரியில் அது பெட்டிக்குள் ஈரப்பதத்தைச் சுமார் 75 சதவீதத்தில் நிறுத்தும். உலர்ந்த சூழல் வேண்டுமென்றால் நிறைவுற்ற மக்னீசியம் குளோரைடு. அது சுமார் 33 சதவீதம் தரும். அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பு மனை வைத்திருக்கும் பலரிடமும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இருக்கும். புழு நன்றாக வளர அவர்கள் ஈரப்பதத்தை நாள்தோறும் கவனிப்பவர்கள். வெப்பமானியின் துணித் திரியைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்பதை அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது சந்தேகம் காற்றோட்டம். மின்விசிறியை நிறுத்தியது போதாது. கதவிடுக்கும் மூச்சும்கூடத் துளிக்குக் காற்றுதான். பெட்டி இதையும் சேர்த்துத் தீர்க்கும். மூன்றாவது, விளக்கு. துளியின் நிழலுருவுக்காகப் பின்னால் வைக்கும் ஹாலோஜன் விளக்கு துளியைச் சுடவைக்கும். எல்.இ.டி. விளக்கு, அதன்முன் ஒரு வெள்ளைத் தாள்; அது போதும்.

நான்காவது, பரப்பின் சுத்தம். கண்ணாடியைச் சோப்பு, காய்ச்சி வடித்த நீர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கழுவிய பிறகும் ஒரு மணி நேரம் வெளியில் கிடந்தால் காற்றிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்து தொடுகோணம் ஏறிவிடும். கழுவிய உடனே பயன்படுத்துங்கள். டெஃப்லானில் வேறு தொல்லை: துணியால் துடைத்தாலே அதில் மின்னூட்டம் ஏறிவிடும். மின்மூலம் அணைந்திருக்கும்போதே துளி ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பிப்பெட் முனையிலிருந்து தானாகத் தாவினாலோ அதுதான் காரணம். ஆல்கஹாலில் நனைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். பிப்பெட்டின் பிளாஸ்டிக் முனையும் துளிக்குக் கொஞ்சம் மின்னூட்டம் கொடுத்தே அனுப்பும். துளி பரப்பில் அமர்ந்த பின் நில இணைப்புள்ள மெல்லிய கம்பியால் ஒரு முறை தொட்டுவிட்டுக் கம்பியை எடுத்துவிடலாம்.

அறிகுறி: மேல்தகட்டை வைத்ததுமே துளி மெதுவாகக் காய்கிறது

பிழை இல்லை. தகடு நீராவியின் வழியை மறிக்கிறது. மின்புலமில்லாத அளவீட்டையும் மேல்தகட்டை வைத்துக்கொண்டே எடுங்கள். தகடு இல்லாத எண்ணையும் மின்புலத்தோடு எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால் ‘மின்புலம் ஆவியாதலைத் தடுக்கிறது’ என்ற பொய்யான முடிவு வரும். சுவரில் ஒட்டிய நேரங்கள் திறந்த காற்றுக்கானவை என்பதும் நினைவிருக்கட்டும்.

அறிகுறி: மின்புலம் போட்டதும் தராசில் எடை சட்டெனக் குறைகிறது

துளியை நுண்தராசின் மேல் வைத்து எடையைக் குறித்துக்கொண்டே போகலாம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. செய்யாதீர்கள். மேல்தகடு கீழ்த்தகட்டை மின்விசையால் மேலே இழுக்கிறது. சென்டிமீட்டருக்கு 5 கிலோவோல்ட் புலத்தில் அந்த இழுப்பு சுமார் 1.1 பாஸ்கல். 10 சதுர சென்டிமீட்டர் தகட்டில் அது 110 மில்லிகிராம் எடைக்குச் சமம். துளியின் மொத்த எடையே 5 மில்லிகிராம். மின்னழுத்தம் ஒரு சதவீதம் ஆடினால் இழுப்பு இரண்டு சதவீதம் ஆடும். அதுவே துளியின் எடையில் பாதிக்கு அருகில் வந்துவிடும். அளவீட்டுக்குக் கேமராதான். எடை வேண்டுமென்றே அடம்பிடித்தால், ஒவ்வொரு முறையும் புலத்தை அணைத்து, மின்னூட்டத்தை இறக்கி, நிறுத்துப் பார்த்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் துளியின் விளிம்பு எங்கோ போயிருக்கும்.

அறிகுறி: மின்புலம் போட்டதும் துளியின் கன அளவு கூடுகிறது

தண்ணீர் எங்கிருந்தும் வரவில்லை. கணக்கில்தான் கோளாறு. அடி ஆரத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்து, கோளத்துண்டுச் சூத்திரத்தில் போட்டிருப்பீர்கள். மின்புலத்தில் துளி மேல்நோக்கி நீள்கிறது. அது இனி கோளத்தின் துண்டு அல்ல. அடி ஆரம் 1 மி.மீ., உயரம் 1.2 மி.மீ. உள்ள துளி பாதி நீள்கோளமாக இருந்தால் அதன் கன அளவு 2.51 மைக்ரோலிட்டர். கோளத்துண்டுச் சூத்திரம் அதற்கே 2.79 என்று சொல்லும். பதினொரு சதவீதம் பொய்.

படத்தை இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் திறந்து, துளியின் உருவத்தைக் கிடைமட்டமாக மெல்லிய சீவல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு வட்டத்தட்டாகக் கொண்டு கூட்டுங்கள். சூத்திரம் தேவையில்லை, வடிவம் எதுவானாலும் செல்லும். இதைத் தானாகச் செய்ய ஒரு சிறு நிரல் எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

அறிகுறி: கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியவில்லை

மாணவர்கள் அதிகம் பதறும் இடம் இதுதான். பதற வேண்டாம், பெரும்பாலும் இதுவே சரியான விடை.

மின்புலம் நீர் மூலக்கூறுகளைப் பரப்பிலிருந்து பிடுங்கி எறியும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்டிமீட்டருக்கு 5 கிலோவோல்ட் புலம் நீரின் பரப்பில் தரும் இழுப்பு அதே 1.1 பாஸ்கல்தான். நீர்மத்தின் அழுத்தம் அவ்வளவு மாறும்போது அதன் நிறைவு ஆவியழுத்தம் மாறுவது நூறு கோடியில் சுமார் எட்டுப் பங்கு. எந்தக் கேமராவுக்கும் எந்தத் தராசுக்கும் அது எட்டாது. ஆக, மின்புலம் ஆவியாதலை நேரடியாக முடுக்குவதில்லை. துளியின் வடிவத்தை மாற்றினால், அல்லது சுற்றியுள்ள காற்றை அசைத்தால் மட்டுமே நேரத்தில் மாற்றம் வரும். இந்த இரண்டு கதவுகளைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

கண்ணாடியில் முதல் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. துளி பரந்து தட்டையாகக் கிடக்கிறது. விளிம்பு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. தட்டையான துளியின் ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் அடி ஆரம். தொடுகோணம் 30 டிகிரியிலிருந்து பூச்சியத்தை நெருங்கும் வரை குறைந்தாலும் வேகம் பத்து சதவீதம் அளவே குறையும். அடி ஆரம் மாறாதவரை மின்புலத்துக்கு அங்கே வேலையில்லை. கன அளவை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடாக வந்து, மின்புலமுள்ள கோடும் இல்லாத கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், ‘மாற்றம் இல்லை’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

எழுதுமுன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: நீங்கள் நினைக்கும் புலம் உண்மையிலேயே இருக்கிறதா? கண்ணாடிச் சில்லின் தடிமன் அதிகம் பாதிக்காது. 1 மி.மீ. கண்ணாடியின் ஒப்புமை விடுதிறன் (புலத்தை எத்தனை மடங்கு தணிக்கிறது என்ற எண்) ஐந்து முதல் ஏழு வரை, அது 0.2 மி.மீ. காற்றுக்கு ஈடு. ஆனால் இணைப்புக் கம்பி அறுந்திருந்தால் மின்மூலத்தின் முகப்பு மட்டும் 5 கிலோவோல்ட் காட்டிக்கொண்டிருக்கும். மேல்தகட்டுக்கு அருகே காப்புக் குச்சியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அது தகட்டை நோக்கி இழுபடும். இழுபடவில்லையென்றால் முதலில் கம்பியைப் பாருங்கள்.

அறிகுறி: நீர்விலக்கும் பரப்பில் ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை மெதுவாகவும் காய்கிறது

இங்கே முதல் கதவு திறந்திருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் காரணத்தால் அல்ல.

துளி நீள்வதால் பரப்பளவு கூடுகிறது, அதனால் வேகம் கூடுகிறது என்று எழுதுவார்கள். அரைக்கோளத் துளி ஒன்று, கன அளவு மாறாமல், உயரம் அடி ஆரத்தைப் போல 1.2 மடங்கு ஆகும்வரை நீள்வதாகக் கொள்வோம். விரவல் கணக்கில் அதன் வேகம் கூடுவது சுமார் 0.3 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அதுபோல, ஒரே கன அளவுள்ள துளி 110 டிகிரியில் இருந்தாலும் 80 டிகிரிக்குப் பரவினாலும் தொடக்க வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு எங்கே வேறுபாடு வருகிறது? விளிம்பில். விளிம்பு உள்வாங்கிக்கொண்டே போனால் துளி சிறுக்கும். சிறுக்கச் சிறுக்க வேகம் குறையும். தொடுகோணம் மாறாமல் சுருங்கும் இந்த வகையில் முதல் வேகத்தை வைத்துக் கணக்கிட்டதைப் போல ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். விளிம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் அடி அகலம் அப்படியே நிற்கும், வேகம் அவ்வளவாக விழாது. பிக்நெட், பெக்சன் என்ற இருவரும் 1977-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்த இரு வகைகளையும் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் இத்துறையின் கணக்குகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

இப்போது 110 டிகிரித் துளிக்கு வருவோம். விளிம்பு தடையின்றி உள்வாங்கினால் 51 நிமிடம். தொடக்க நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் சுமார் 45. மின்விசையால் 80 டிகிரிக்குப் பரவி அங்கே ஒட்டிக்கொண்டால் சுமார் 42. ஆக, வடிவத்தின் வழியாக மட்டும் மின்புலம் காட்டக்கூடிய மாற்றம் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஒரு துளியின் விளிம்பு ஒட்டி, அடுத்ததன் விளிம்பு வழுக்கினால், மின்புலத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இதே அளவு ஏற்ற இறக்கம் வரும். உங்கள் முடிவுகள் ஒரு முறை அப்படியும் ஒரு முறை இப்படியும் வருவதற்கு இதுதான் முதல் காரணம்.

எனவே, மொத்த நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு துளிக்கும் அடி ஆரத்தையும் தொடுகோணத்தையும் நேரத்துக்கு எதிராக வரையுங்கள். அடி ஆரம் படுக்கைக் கோடாக இருந்தால் ஒட்டிய விளிம்பு. தொடுகோணம் படுக்கைக் கோடாக இருந்தால் நகரும் விளிம்பு. நகரும் வகையில் கன அளவின் மூன்றில் இரண்டாம் அடுக்கு நேர்கோடாக இறங்கும். ஒட்டியதை ஒட்டியதோடும் நகர்ந்ததை நகர்ந்ததோடும் ஒப்பிடுங்கள். மின்புலத்தில் எந்த வகை அதிகம் வருகிறது என்பதே உங்கள் ஆய்வின் உண்மையான முடிவாக இருக்கக்கூடும்.

இன்னொரு குழப்பம்: துளிக்குள் கம்பியைச் செருகிச் செய்வதும், துளியைத் தொடாமல் இரு தகடுகளுக்கிடையே வைப்பதும் வேறு வேறு சோதனைகள். கம்பி செருகினால் துளிக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய காப்புப் படலத்தில்தான் புலம் முழுவதும் விழும். பிரெஞ்சு இயற்பியலாளர் லிப்மன் 1875-இல் பாதரசத்தில் கண்ட விளைவும், பெர்ஜ் 1993-இல் காப்புப் படலம் வைத்துச் செய்ததும் இந்த வழி. 10 மைக்ரான் டெஃப்லான் படலத்தில் வெறும் 200 வோல்ட் போட்டாலே 110 டிகிரி சுமார் 80 டிகிரிக்கு இறங்கிவிடும். 100 வோல்ட்டில் 103 டிகிரி வரைதான் இறங்கும், ஏனென்றால் விளைவு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. தொடாத தகடுகளில் பல ஆயிரம் வோல்ட் போட்டாலும் இவ்வளவு பரவல் எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றின் எண்களை மற்றொன்றின் அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: துளி பாதி நேரத்தில் காய்ந்துவிட்டது

மகிழ்ச்சியடையுமுன் விளக்கை அணையுங்கள்.

வடிவ மாற்றத்தால் இவ்வளவு வேகம் வராது என்று மேலே பார்த்தோம். எனவே இரண்டாவது கதவு திறந்திருக்கிறது: காற்று அசைகிறது. தகட்டின் கூர்மையான ஓரம், பிரிந்து நிற்கும் கம்பி இழை, பற்றவைத்த ஈயத்தின் முள் போன்ற முனை ஆகியவற்றைச் சுற்றிப் புலம் குவிந்து காற்று அயனியாகும். அந்த அயனிகள் எதிர்த்தகட்டுக்கு ஓடும்போது காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். இந்த அயனிக் காற்று விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேலும் வீசக்கூடியது. துளியைச் சூழ்ந்திருக்கும் ஈரப்படலத்தை அது வாரிக்கொண்டு போய்விடும். ஊசி மின்முனையை வைத்துப் பழத் துண்டுகளை உலர்த்தும் ஆய்வுகள் இதையேதான் பயன்படுத்துகின்றன. 1976-இல் அசாகாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நேச்சர் இதழில் மின்புலம் வெப்பப் பரிமாற்றத்தைத் தூண்டுவதைப் பற்றி எழுதியதிலிருந்து, பல ‘அதிசய’ உலர்த்தல் முடிவுகளுக்குப் பின்னால் காற்றின் கை இருந்திருக்கிறது.

கண்டுபிடிக்க நான்கு வழிகள். இருட்டில் ஊதா ஒளி தெரியும். காதுக்கு ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். மூக்குக்கு ஓசோன் வாடை அடிக்கும். நான்காவதுதான் நம்பகமானது: நில இணைப்பில் ஒரு மைக்ரோஅம்மீட்டர். புலம் நிலையான பிறகு முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். 10 மைக்ரோஆம்பியர் காட்டினால் 5 கிலோவோல்ட்டில் 50 மில்லிவாட் செலவாகிறது என்று பொருள். கண்ணாடித் துளி ஆவியாவதற்குத் தேவையான உள்ளுறை வெப்பமோ சுமார் 7 மில்லிவாட்தான். இவ்வளவு ஆற்றல் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்க, ‘மின்புலத்தின் விளைவு’ என்று எப்படி எழுதுவது?

தகட்டின் ஓரங்களை வட்டமாக உருட்டித் தேயுங்கள். தகடு துளியைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கட்டும். இணைப்புகளை உருண்டையான ஈயத்தால் மூடுங்கள். தூசியைத் துடையுங்கள், கிரானைட் அறுக்கும் பட்டறைகள் அருகிலிருந்தால் ஜன்னலைச் சாத்தாமல் தொடங்கவே வேண்டாம், தகட்டில் படியும் ஒவ்வொரு கல்துகளும் ஒரு சிறு ஊசிதான்.

அயனிக் காற்றை ஆராய்வதே உங்கள் நோக்கம் என்றால் தாராளமாக ஊசியை வைத்துச் செய்யுங்கள். அப்போது கண்ணாடி, டெஃப்லான் இரண்டிலுமே வேகம் கூடும். இரண்டிலும் கூடுவதே காற்றின் அடையாளம். வடிவத்தால் வரும் விளைவு நீர்விலக்கும் பரப்பில் மட்டும் தெரியும்.

அறிகுறி: தொடக்கத்தில் துளி நீள்கிறது, சில நிமிடத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது

திசை மாறாத மின்னழுத்தம் (டி.சி.) பயன்படுத்துகிறீர்கள், காப்புப் பரப்பில் மின்னூட்டம் மெல்லப் படிந்து உங்கள் புலத்தை மறைத்துவிட்டது. முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்: விளைவு திடீரென முன்பைவிட வலுவாகத் திரும்பி மறுபடி மங்கினால் சந்தேகமே இல்லை. துளிக்குத் துளி முனைகளை மாற்றுங்கள், அல்லது மாறுமின்னழுத்தத்துக்கு (ஏ.சி.) போங்கள்.

அறிகுறி: மாறுமின்னழுத்தத்தில் துளி ஒரு கட்டத்தில் நடுங்குகிறது, படத்தில் விளிம்பு மங்குகிறது

50 ஹெர்ட்சில் மின்விசை விநாடிக்கு நூறு முறை இழுக்கும், ஏனென்றால் விசை புலத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 மி.மீ. ஆரமுள்ள நீர்த்துளியின் இயல்பு அதிர்வு சுமார் 120 ஹெர்ட்ஸ். பரப்பில் அமர்ந்த துளிக்கு இது சற்று மாறும். ஆனால் காய்ந்து சிறுக்கும் வழியில் அதிர்வெண் ஏறிக்கொண்டே போகிறது, எங்கோ ஓரிடத்தில் நூறைக் கடக்கிறது. அங்கேதான் நடுக்கம். நடுக்கம் ஒட்டியிருந்த விளிம்பை உலுக்கி விடுவிக்கவும் செய்யும், துளிக்குள் நீரைக் கலக்கவும் செய்யும். காயும் நேரத்தை மட்டும் அளக்க வந்தவர் 1 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் போய்விடுவது நல்லது.

அறிகுறி: துளி ஓரத்துக்கு நகர்கிறது, கூம்பாகிறது, அல்லது மேல்தகட்டுக்குத் தாவிவிடுகிறது

நகர்ந்தால் தகடுகள் இணையாக இல்லை; துளி புலம் வலுவாக உள்ள பக்கம் போகிறது. ரசமட்டத்தைக் கீழ்த்தகட்டிலும் மேல்தகட்டிலும் தனித்தனியே வைத்துப் பாருங்கள்.

உச்சி கூம்பாகி நுண்துளிகளைத் துப்பினால் புலம் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆங்கில இயற்பியலாளர் டெய்லர் 1964-இல் கணக்கிட்ட எல்லையை உலோகத் தகட்டின் மேல் அமர்ந்த 1 மி.மீ. ஆரமுள்ள அரைக்கோள நீர்த்துளிக்குப் பொருத்தினால் சென்டிமீட்டருக்குச் சுமார் 13 கிலோவோல்ட் வருகிறது. கூம்பின் அரைக்கோணம் 49.3 டிகிரி, படத்தில் அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட அதுவே கிடைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. பெரிய துளிக்கு எல்லை இன்னும் கீழே. பாதுகாப்பாகப் பாதிக்குக் கீழேயே நில்லுங்கள்.

மெழுகுவர்த்திக் கரி படிந்த சில்லு போன்ற அதிநீர்விலக்கிப் பரப்பில் துளி தாவுவது இயல்பு. பிடிமானமே இல்லாத துளி மின்னூட்டம் பெற்றதும் கிளம்பிவிடுகிறது. புலத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம்

குழாய் நீர் வைத்திருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கூடவே மற்ற உப்புகளும் உண்டு. துளி காயும்போது உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடி, கரைந்ததையும் மிதப்பதையும் அங்கே சேர்க்கும். சிகாகோவில் டீகன் குழுவினர் 1997-இல் காப்பிக் கறையை வைத்து விளக்கிய நிகழ்வு இது. சேரும் உப்பு விளிம்பைப் பசையாகப் பிடித்துக்கொள்ளும். டெஃப்லானில் நகர வேண்டிய விளிம்புகூட உப்பால் ஒட்டிக்கொள்ளும், கடைசி நிமிடங்களில் ஆவியாதலும் மந்தமாகும். ஆய்வகத்தில் வடித்த நீர் இல்லையென்றால் பேட்டரி நீர் வாங்குங்கள். அதிலும் ஒரு துளியைக் கண்ணாடியில் காயவைத்து, வளையம் இல்லாததை உறுதிசெய்த பிறகே பயன்படுத்துங்கள்.

வளையமே ஆய்வுப்பொருள் என்றால் அது வேறு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு 2011-இல், கம்பி செருகும் முறையில் மாறுமின்னழுத்தம் கொடுத்து விளிம்பை ஓயாமல் அசைத்து, வளையம் விழாமலே துளியைக் காயவைத்துக் காட்டியது.

அறிகுறி: இலையை வைத்தால் எதுவும் பொருந்தவில்லை

நீர்விலக்கும் பரப்புக்குத் தாமரை இலை, இடைப்பட்டதற்கு மாவிலை என்று உள்ளூர்ப் பொருளைத் தேடுவது நல்ல ஆர்வம். ஆனால் பறித்த இலை தானும் நீராவியை விடுகிறது. துளியைச் சுற்றி ஈரப்பதம் கூடி, காய்வது தாமதமாகும். அரை மணியில் ஓரம் சுருண்டு மேல்தகட்டை நெருங்கும், புலம் மாறும். இலைக்குள் ஈரம் இருப்பதால் அது மின்சாரத்தையும் கடத்தும்: கண்ணாடியில் தனித்திருந்த துளி, இலையில் கீழ்த்தகட்டோடு இணைக்கப்பட்டதற்குச் சமம். மெருகேற்றிய கருங்கல்லும் நம்பத்தகுந்ததல்ல. மெருகுக்குப் பூசிய மெழுகோ பிசினோ தொடுகோணத்தைக் கூட்டிவிடும். இலை கட்டாயம் வேண்டுமென்றால் சிறு துண்டாக வெட்டி, இரட்டைப் பசை நாடாவால் தட்டையாக ஒட்டி, ஒவ்வொரு துளிக்கும் புதுத் துண்டு வைத்து, ஒரே இலையின் நடுப்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள்.

அறிகுறி: பசுமைக்குடிலில் மின்னேற்றத் தெளிப்பான் அடித்த மருந்து வேகமாகக் காய்கிறது

ஓசூர்ப் பக்கத்து ரோஜா பசுமைக்குடில்காரர்களுக்கு எழக்கூடிய கேள்வி இது. மின்னூட்டத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இலையில் விழுந்த மாத்திரத்தில் துளியின் மின்னூட்டம் செடி வழியே நிலத்துக்கு இறங்கிவிடுகிறது. காயும்போது அங்கே சொல்லத்தக்க புலமில்லை. காரணம் துளியின் அளவு. இவ்வகைத் தெளிப்பான்கள் மிகச் சிறு துளிகளையே அனுப்புகின்றன. பறக்கும் துளியின் ஆயுள் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஆயுள் கால்பங்கு. 50 மைக்ரான் துளி வறண்ட பிற்பகலில் சில விநாடிகூடத் தாங்காது. கொஞ்சம் இலையை எட்டுமுன்பே கரைந்துபோகும். அதிகாலையில் அடியுங்கள், முனையைச் செடிக்கு அருகே கொண்டுபோங்கள், பக்கவாட்டுத் திரையை இறக்கிவிடுங்கள்.